தமிழ்ச் சுவடு தேடிக் கடல் கடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் சிங்கப்பூர், டுபாய், பாங்கொக், சென்னை என்று நான்கைந்து ஊர்களுடன் பேச்சு முடிந்துவிடும் நிலை மெல்ல மாறிவருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள இளைஞர் பலர் இப்போது விளம்பரங்களில் வராத ஊர்களைத் தேடுகிறார்கள். அவர்களுள் கணிசமானோருக்கு, பண்டைத் தமிழ் வணிகர் சென்றிறங்கிய துறைகளையும், பிற்காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக ஏற்றிச் செல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள் வாழும் தீவுகளையும் நேரிற் காண வேண்டும் என்ற வேட்கை இருக்கிறது. சுமாத்திராவின் பாருஸ், மலாக்காவின் கம்போங் செட்டி, வியட்நாமின் பான் ராங், இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவு ஆகியவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேட்கை போற்றத்தக்கது. ஆனால் அந்த வேட்கையோடு கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகளிற் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன: ஊரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவர்கள் தம்மையே பார்க்க முற்படுகிறார்கள்.

முதலாவது தவறு வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே நிகழ்ந்துவிடுகிறது. வட்ஸ்அப்பிலும் யூரியூப்பிலும் சுற்றும் பெருமைக் கதைகளை வரலாறு என்று நம்பி, அவற்றையே வழிகாட்டி நூலாகக் கொண்டு போகிறோம். கம்போடியாவின் அங்கோர்வாட்டை இராசேந்திர சோழன் கட்டினான் என்ற கதை இதற்குச் சரியான உதாரணம். அந்தக் கோயிலை 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காக எழுப்பியவன் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். இராசேந்திரனின் கடற்படை சுமாத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மீது சென்றது 1025ஆம் ஆண்டளவில். அவனுடைய வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டுகளில் பொறித்த மெய்க்கீர்த்தி கடாரம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களை வரிசைப்படுத்துகிறது, அங்கோர் அதில் இல்லை. கம்போடியரின் முன்னோர் கல்லிலே செய்த மாபெரும் காரியத்தை வேறொருவர் பெயரில் எழுதிவைத்துப் பேசும் பயணியை ஒரு கம்போடிய வழிகாட்டி எப்படி மதிப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உறுதியான சான்றுகள் இல்லாமற் போயிருந்தால் இத்தகைய கதைகளுக்காவது ஒரு காரணம் இருந்திருக்கும். உண்மையில் சான்றுகள் நிறையவே உள்ளன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. சீனாவின் குவான்சோவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இவை வணிகரின் சுவடுகள். வாளேந்திய மன்னர் எவரும் இவற்றில் முன்னிற்கவில்லை. எனக்கு இந்த வணிகரே மன்னர்களைவிட ஆர்வமூட்டுகிறார்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஆயத்தத்துக்கு ஒரு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டைப் பள்ளிப் பருவத்தில் ஒருமுறை கடந்து போனதோடு விட்டுவிடுகிறோம். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுவிய அந்தப் பலகை 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே முகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெவிநுவரவில் வழிபடப்பட்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமியப் புனிதத்துக்கும் பொன், வெள்ளி, பட்டு, நறுமணப் பொருட்கள் முதலிய காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விலக்கிவிட்டு இந்தக் கல்லைப் படித்தால் அதன் பொருளே கைநழுவிவிடும். வெளியூர் போகுமுன் அந்தக் கல்லுக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்பது பயனுள்ள பயிற்சி.

அடுத்த தவறு, தேடிப் போகும் பொருள் எங்கே இருக்கிறது என்று பாராமலே போவது. பாருஸை இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள இச்சிற்றூரை அடுத்த லோபு துவாவில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் 1088. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வெட்டுவித்த அந்தச் சாசனம், மரக்கல நாயன் எனப்படும் கப்பல் தலைவர் முதலியோர் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகத் தீர்வை செலுத்திய பின்னரே விரித்த பாவாடையில் (நடைத்துணியில்) கால்வைக்க வேண்டும் என்ற விதியைச் சொல்வதாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்குவதற்கு ஓர் ஒழுங்கு, அதற்கு ஒரு கட்டணம், கட்டணத்துக்கு ஓர் அளவுகோல்! ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தச் சுங்கச் சாவடியே கண்முன் எழுகிறது. ஆனால் அந்தக் கல் இப்போது பாருஸில் இல்லை. ஜகார்த்தாவின் தேசிய நூதனசாலைக்கு அது எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது. மெடானிலிருந்து மலைப்பாதையில் நெடுநேரம் பயணித்து வந்து, கல் எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் சலித்துத் திரும்புவது அறியாமையால் நேரும் வீண் அலைச்சல்.

அதைவிடப் பெரிய இழப்பு, கல் இல்லை என்றவுடன் பாருஸில் பார்க்க எதுவும் இல்லை என்று முடிவு செய்வது. அவ்வூரார் தம் ஊரைப் பற்றிப் பெருமையோடு சொல்லும் கதை வேறு. பாப்பான் திங்கி குன்றின் உச்சியில், நூற்றுக்கணக்கான படிகள் ஏறிச் சென்றால் காணக்கிடைக்கும் நீண்ட கல்லறையும், மஹ்லிகாய் இடுகாட்டின் செதுக்கிய நடுகற்களும் அவர்களுக்குப் புனிதமானவை. இந்தோனேசியத் தீவுகளில் இஸ்லாம் கால்பதித்த தொடக்கப் புள்ளி இதுவே என்ற நம்பிக்கையில் 2017இல் அந்நாட்டு ஜனாதிபதி இங்கே ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். பின்னணியிலுள்ள மலைக்காடுகளில் வளர்ந்த மரங்களின் உள்ளே படிகமாக உறையும் கற்பூரமே தமிழரையும் அரபியரையும் சீனரையும் இந்தக் கரைக்கு இழுத்தது. இந்தோனேசியாவில் இன்றும் கற்பூரத்துக்குப் பாருஸின் பெயரையே சேர்த்து வழங்குகிறார்கள். எனவே முதலில் ஊரார் காட்ட விரும்புவதைப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு தமிழ் வணிகரைப் பற்றிக் கேட்பதே முறை. ஜகார்த்தாவிலுள்ள கல்லின் படத்தையும் அதன் வாசகத்தின் இந்தோனேசிய மொழிபெயர்ப்பையும் அச்சிட்டுக் கையிற் கொண்டு போனால் கேள்வி கேட்கும் பயணி, கொடுப்பதற்கும் ஏதோ ஒன்று வைத்திருப்பவராகிறார்.

மூன்றாவது தவறு எனக்கு மிகவும் வேதனை தருவது. மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டிக்குப் போகும் நம்மவர் சிலர், அங்குள்ளவர்களிடம் தமிழிற் பேசிப் பார்த்து, பதில் மலாயில் வந்ததும், தமிழை ஏன் மறந்தீர்கள் என்று கேட்டுவிடுகிறார்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர் அவ்வூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. பேச்சு மலாய் வழிப்பட்டது, பெண்களின் உடை சாரோங்கும் கெபாயாவும், வழிபாடு சைவம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் மாறி மாறி ஆண்ட நூற்றாண்டுகளில், தாயகத் தொடர்பு அறுந்த நிலையிலும், 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பித் தம் வழிபாட்டை அவர்கள் இன்றுவரை பேணிவந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்தைய நாளில் முன்னோருக்கு வாழையிலையில் உணவு படைக்கும் பார்ச்சு பொங்கல், பழங்கள் மலியும் காலத்தில் வரும் பார்ச்சு பூவா என்று அவர்களுக்கே உரிய சடங்குகளும் உள்ளன. படையலிலே நாசி லெமாக் என்னும் மலாய்த் தேங்காய்ப்பாற் சோறு இருக்கிறதே என்று வியப்பவர், அந்த இலைக்கு முன்னால் வணங்கி நிற்பவரின் பக்தியைக் காணத் தவறுகிறார். மறந்தவர்கள் என்று நாம் சுட்டும் அந்த மக்கள் எதை விடாமற் காத்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கொழும்புத் தமிழராகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்க வேண்டியதில்லை. நம் நகரிலேயே கொழும்புச் செட்டிமார் என்னும் சமூகம் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பலர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாழ்பவர்கள், தமக்கெனத் தனி அடையாளம் பேணுபவர்கள். ஆடிவேல் இரதம் காலி வீதியில் வரும்போது வெளிநாட்டுப் பயணி ஒருவர் நம்மருகே வந்து, உங்கள் திருவிழா தமிழ்நாட்டில் நடப்பதைப் போல் இல்லையே என்று குறை கூறினால் நமக்கு எப்படி இருக்கும்?

இதே தவறு ரீயூனியனில் வேறு உருவத்தில் வருகிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1848இல் அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் அங்கே மல்பார் எனப்படுகிறார்கள். ஞாயிறன்று தேவாலயத்துக்கும் விரத நாளிற் கோயிலுக்கும் செல்லும் குடும்பங்கள் பல. காளிக்கு ஆட்டுப் பலி உண்டு. திரௌபதையைப் பண்டியாலே என்று அழைத்துத் தீமிதிக்கிறார்கள். இது ஆகம முறைப்படி இல்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு நாம் அங்கே அழைக்கப்படவில்லை. சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் திரௌபதை அம்மனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தீமிதிப்பைப் பார்த்தவர்கள், கடலுக்கு அப்பால் அந்த வழிபாடு எவ்வளவு பற்றுடன் காக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டு நெகிழ்வார்கள். ரீயூனியன் தொடர்பாக நடைமுறைத் தவறு ஒன்றும் உண்டு: அது பிரான்சின் ஒரு மாகாணம் என்பதால் ஷெங்கன் விசா போதும் என்று எண்ணுவது. தீவு ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருப்பதால், இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் அங்கு செல்லுபடியாகும் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

காலம் பாராமற் போவதும் இழப்பைத் தரும். நாம் பிள்ளைகளின் ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்குகிறோம்; ஊர்களோ தத்தம் பஞ்சாங்கத்தின்படி நடக்கின்றன. பான் ராங் நகருக்கு அருகே குன்றின் மேலுள்ள போ குலோங் கராய் செங்கற் கோபுரங்களில் சாம் மக்களின் காத்தே விழா, சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதத் தொடக்கத்தில், பெரும்பாலும் ஒக்டோபரை ஒட்டி வருகிறது. மலையில் வாழும் ராக்லாய் மக்கள் தம்மிடம் பாதுகாத்து வைத்திருக்கும் அரச ஆடைகளை இறக்கிக் கொண்டுவந்து கையளிக்க, முகம் செதுக்கிய சிவலிங்கமாகிய முகலிங்கத்துக்கு நீராட்டி அவ்வாடை அணிவிக்கிறார்கள். இரண்டு வேறு இனத்தவர் பகிர்ந்து சுமக்கும் அந்தப் பொறுப்பை டிசெம்பரிற் சென்றால் காண முடியாது. இதே நாட்டில் மீ சோன் கோயில்களைப் பார்க்க விரும்புவோர், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்திய வியட்நாமின் கரையோரம் வெள்ளத்துக்குள்ளாவதையும் கருத்தில் வைக்க வேண்டும். அங்கே சிதைந்து கிடக்கும் சுவர்களைக் காலத்தின் கோலம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது; 1969இல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் அழிந்தவை பல. சிவலிங்கத்தைக் கண்டவுடன் நம்மவர் கட்டியது என்று உரிமை கொண்டாடுவதும் பிழை. சாம் மக்கள் மலாய் மொழிக்கு உறவான தம் சொந்த மொழி பேசுபவர்கள். சமஸ்கிருதத்தையும் சைவத்தையும் ஏற்றுத் தமக்கெனச் சிற்ப மரபை வளர்த்தவர்கள்.

படமெடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வீட்டுச் சடங்கிலும் இடுகாட்டிலும் அனுமதி கேட்காமல் கைத்தொலைபேசியை உயர்த்தக் கூடாது, அவ்வளவே. சிற்றூர்களில் வங்கி அட்டை பல இடங்களில் பயன்படாது என்பதால் உள்நாட்டுப் பணம் கையில் இருக்க வேண்டும். வரைபடத்திற் குறுகியதாகத் தெரியும் தூரம் மலைப்பாதையில் ஒரு பகலை விழுங்கிவிடக்கூடும். எனவே ஒரே நாளில் மூன்று இடங்கள் என்று திட்டமிடாமல், ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்கி, அவ்வூர்க்காரர் ஒருவரையே கூலி கொடுத்து வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வது நல்லது. தலைநகரிலிருந்து அழைத்துச் செல்லப்படும் வழிகாட்டிக்குக் கோயிலின் உயரம் தெரிந்திருக்கலாம். பூசகரின் வீடு எது, அவரை எந்த வேளையிற் சந்திக்கலாம் என்பது உள்ளூரார்க்கே தெரியும்.

பழந்துறைகளில் மணிகள், நாணயங்கள், மட்பாண்டத் துண்டுகள் விற்பனைக்கு வந்தால் அவற்றை வாங்காதிருப்பதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. இந்தோனேசியாவின் 2010ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுரிமைச் சட்டம் தொல்பொருட்களை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் இதில் ஒரு கேடு இருக்கிறது. லோபு துவாவில் குடியிருப்பு 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செழித்திருந்தது என்பதை அகழ்வாய்வாளர்கள் முதன்மையாக அங்கு கிடைத்த மட்பாண்டத் துண்டுகளைக் கொண்டே கணித்தார்கள். எந்த மண் அடுக்கில் எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி இருக்கும்வரை அந்த ஓடுகள் அத்துறையில் வாழ்ந்த வணிகரைப் பற்றிப் பேசும். பயணி ஒருவரின் பைக்குள் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட துண்டிலிருந்து எந்த ஆய்வாளரும் ஒரு திகதியைக்கூடப் பெற முடியாது.