தொடக்க நிலை வலுப்பயிற்சி: துணைப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்

வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குச் சென்று, ஒரு நாள் ஸ்குவாட் (எடையுடன் குந்தி எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று, எடை மாட்டிய நீண்ட கம்பியை உடலை நோக்கி இழுப்பது) என்றும், மறுமுறை ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) என்றும் மாறி மாறிச் செய்யும் புதியவருக்காக இதை எழுதுகிறேன். இவை முதன்மைப் பயிற்சிகள். இவற்றோடு கூடுதலாகச் சேர்ப்பவை துணைப் பயிற்சிகள். முதல் நான்கு வாரங்களில் வேறெதையும் சேர்க்க வேண்டாம். அக்காலத்தில் தூக்கும் எடை கூடுவதற்குப் பெரும்பாலும் தசைப் பெருக்கம் காரணமன்று. நரம்பு மண்டலம் அந்த அசைவுகளுக்குப் பழகுவதே காரணம்.

படி 1: விடுபட்டதைத் தேடுங்கள்

முதன்மைப் பயிற்சிகள் எந்த அசைவைத் தொடவில்லை என்று பாருங்கள். மேற்சொன்ன அட்டவணையில் மேலிருந்து கீழே இழுக்கும் அசைவு இல்லை. ஆகவே புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), அது வராதவருக்கு லாட் புல்டவுன் (உட்கார்ந்து இயந்திரக் கம்பியைக் கீழே இழுப்பது). பின்தொடைத் தசைகளுக்கு ஸ்குவாட்டே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அத்தசைகளில் பெரும்பாலானவை இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்வதால், நாம் கீழே இறங்கும்போது இடுப்புப் பக்கம் நீளும் அதே வேளையில் முழங்கால் பக்கம் சுருங்கி, மொத்த நீளத்தில் பெரிய மாற்றமின்றி இருந்துவிடுகின்றன. டெட்லிஃப்ட் அவற்றுக்கு இடுப்பு வழியாக வேலை தருகிறது. முழங்காலை மடக்கும் வேலைக்கு லெக் கர்ல் (இயந்திரத்தில் எடைக்கு எதிராகக் காலை மடக்குவது) வேண்டும். வயிற்றுக்கு பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்தி வைப்பது) போதும். பைசெப்ஸ் கர்ல் (கையை மடக்கி எடை தூக்குவது) மீதுள்ள ஆசை எனக்கும் தெரிந்ததுதான். இரண்டு செட் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒரு சுற்றே ஒரு செட்) செய்துகொள்வதில் குற்றமில்லை.

படி 2: அளவை வரையறுங்கள்

முதன்மைப் பயிற்சிகள் முடிந்த பின்னரே, ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று துணைப் பயிற்சிகள். பிளாங்க் தவிர மற்றவற்றில் 3 செட் (பைசெப்ஸ் கர்லுக்கு மட்டும் 2), ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 ரெப், அதாவது அசைவை அத்தனை முறை செய்வது. இன்னும் இரண்டு ரெப் முடியும் என்னும்போதே நிறுத்திவிடுங்கள்.

படி 3: முதலில் ரெப், பிறகு எடை

பார்பெல்லில் 60 கிலோவிலிருந்து 62.5 கிலோவுக்குச் செல்வது ஏறத்தாழ 4 சதவீத உயர்வு. டம்பெல்லில் (ஒரு கையால் பிடிக்கும் எடை) 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குத் தாவினால் அது 50 சதவீதம். எனவே மூன்று செட்டிலும் 15 ரெப் வரும்வரை அதே எடையில் இருங்கள். வந்த பிறகு அடுத்த எடையை எடுத்து, மீண்டும் 10 ரெப்பிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: காரணம் இருந்தால் மாற்றுங்கள்

வீடியோ பார்த்து வாரந்தோறும் பயிற்சியை மாற்றுபவருக்கு உடல் எப்போதும் வலித்துக்கொண்டிருக்கும். அது பழகாத அசைவின் வலி, முன்னேற்றத்தின் அளவுகோல் அன்று. ஒரு துணைப் பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரங்களாவது தொடருங்கள். அதன் பின் அடுத்தடுத்து மூன்று முறை ஒரு ரெப்பும் கூடாவிட்டால் மாற்றலாம். மூட்டு வலித்தால் மட்டும் காத்திராமல் அன்றே நிறுத்துங்கள். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மாற்றும்போது அசைவின் வகை மாறக்கூடாது: லாட் புல்டவுனில் அகலப் பிடிக்குப் பதில் குறுகிய பிடி, படுத்துச் செய்யும் லெக் கர்லுக்குப் பதில் உட்கார்ந்து செய்வது. ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எந்த மாற்றம் பலன் தந்தது என்பது தெரியும். விட்ட நாளின் எடையையும் ரெப்பையும் நோட்டில் குறித்து வையுங்கள். பிற்பாடு அதே பயிற்சிக்குத் திரும்பும்போது, அதைவிடச் சற்றுக் குறைந்த எடையில் தொடங்க அந்தக் குறிப்பு தேவைப்படும்.