லக் விட்டுப்போன சைக்கிளுக்கு வெல்டிங்கா, பித்தளையா?

அப்பாவின் பழைய சைக்கிளில் ஹேண்டில் நுழையும் தலைக்குழாயில் லக் (குழாய்கள் சேரும் இடத்தில் மாட்டியிருக்கும் இரும்பு உறை) விட்டுப்போச்சு. ஓசூரில் ஒரு பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைத்து ரெண்டு டேக் (சின்ன வெல்டிங் புள்ளி) போட்டார்கள். பத்தே நாளில் டேக்கை ஒட்டியே விரிசல். கடைசியில் குழாயை வெட்டி மாற்றி, நானே பித்தளை வைத்தேன், அதாவது இரும்பை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி மூட்டுக்குள் ஓடவிடும் பிரேசிங்.

அந்த மூட்டுக்குள் ஏற்கனவே பித்தளை இருந்ததுதான் விரிசலுக்குக் காரணம். பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரியில் ஓடும். வெல்டிங்கில் இரும்பே உருக வேண்டும், அதற்கு சுமார் 1,500 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளை இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே புகுந்து பிளந்துவிடும். சிறு விமானங்களின் குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கு) குழாய்ச் சட்டத்தை டிக் (ஆர்கான் வாயுவின் மறைவில் செய்யும் மின்சார வெல்டிங்), கேஸ் வைத்து வெல்ட் செய்வார்கள். ஆனால் பித்தளை பட்ட இடத்தின்மேல் வெல்டிங் போட அங்கேயும் தடை. லக் இல்லாத புது ஃபிரேமுக்கு டிக் அருமை. லக் இருந்தால் பித்தளைதான்.

1. குழாயின் வெளிப்பக்கம், லக்கின் உள்பக்கம் இரண்டையும் எமரித்தாளால் பளபளவென்று தேயுங்கள். நடுவில் 0.1 மி.மீ. இடைவெளி போதும். லொடலொடவென்று ஆடினால் பித்தளை ஏறாது.

2. ஃபிளக்ஸை, அதாவது சூட்டில் இரும்பின் மேல் ஆக்சைடு படியாமல் காக்கும் பொடியை, குழைத்துப் பூசிப் பொருத்துங்கள். வெங்காரமும் உதவும், ஆனால் சூடானதும் பொங்கி மூட்டை மறைக்கும். நான் கடையில் விற்கும் பிரேசிங் பொடிதான் வாங்குவேன்.

3. இங்கேதான் மூன்று நாள் திணறினேன். தீயைக் கம்பியில் காட்டினேன். உருகிய பித்தளை தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு கீழே விழுந்தது. உருக வேண்டியது கம்பி, ஆனால் உருக்க வேண்டியது இரும்பின் சூடு. லக் தடிமன், குழாய் மெல்லிசு. அதனால் தீ பெரும்பாலும் லக்கின் மேல், நிற்காமல் அசைய வேண்டும். ஃபிளக்ஸ் கண்ணாடி போலாகி, இரும்பு ஆரஞ்சுச் சிவப்புக்கு வந்ததும் கம்பியைத் தொடுங்கள். தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பித்தளை சூட்டைத் தேடி ஓடும், அதனால் தீயை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சுற்றி வந்துவிடும். கிருஷ்ணகிரி வெயிலில் இரும்பின் நிறமே தெரியாது. ஷெட்டுக்குள் நிழலில் செய்யுங்கள்.

4. தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக ஆறட்டும்.

பின்சேர்க்கை: பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி, பித்தளை கொப்பளித்து வெளியே வருவதாக எழுதியிருந்தார். குழாயின் இரண்டு முனையும் அடைத்திருந்ததாம். உள்ளே சூடான காற்று வழி தேடித் தள்ளியிருக்கிறது. 3 மி.மீ. துளை ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொருவர் தண்ணீர்க் குழாய் வைத்துச் செய்யலாமா என்று கேட்டார். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வேண்டவே வேண்டாம். துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.