ஸ்ட்ரா ஜாடி செய்கிறீர்களா? கோட்டைவிடும் இடங்கள் இவை

கண்ணாடி ஜாடியின் மூடியில் ஓட்டை போட்டு ஸ்ட்ராவைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் ஜாடி கவிழ்ந்த அன்று மேசை முழுக்கப் பழச்சாறு.

ஸ்ட்ரா 6 மி.மீ. தடிமன், ஆகவே ஓட்டையும் 6 மி.மீ. என்று கணக்குப் போட்டதுதான் பிழை. தகடும் ஸ்ட்ராவும் நேராகத் தொட்டுக்கொண்டால் இடுக்கு இருந்தே தீரும். நடுவே குரோமெட் எனப்படும் சிலிக்கோன் வளையம் வேண்டும். அதன் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். ஓட்டை அந்தப் பள்ளத்தின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். வளையத்தின் முழு விட்டத்துக்குப் போட்டால் வளையம் நழுவி உள்ளே விழும். எனவே முதலில் வளையத்தை வாங்கி அளந்துகொள்ளுங்கள். மின்கம்பிகளுக்கென்று விற்கும் கறுப்பு ரப்பர் வளையம் வேண்டாம், உணவுக்கு ஏற்ற சிலிக்கோனே நல்லது.

மூடியை ஜாடியில் மாட்டியபடியே துளையிடாதீர்கள், கண்ணாடி போய்விடும். கையில் பிடித்துக்கொண்டும் கூடாது. மெல்லிய தகடு துளைமுனையில் சிக்கிச் சுழன்றால் விரலைக் கிழித்துவிடும். கட்டையின் மேல் இறுக்கி வைத்து, முதலில் சிறு ஓட்டை, பிறகு பெரிது. அடிப்பக்கம் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வளையத்தை அறுக்கும்.

பலர் யோசிக்காத விஷயம் காற்று. எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் இரண்டு வாய் உறிஞ்சியதும் பானம் ஏற மறுக்கும். வெளியேறிய பானத்தின் இடத்துக்குக் காற்று வர வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை போதும். பெரிதாகப் போட்டால் கவிழும்போது அதுவே கசிவு வழி. துளை இருக்கும்வரை ஜாடி சிந்துவது குறையுமே தவிர, முழுக்க நிற்காது. தலைகீழாகப் பைக்குள் போட்டுச் செல்ல அது தண்ணீர்ப் புட்டி அல்ல.

துளையே இல்லாத ஜாடியில் குளிர்ந்த பானத்தை ஊற்றி வெயிலில் வைத்தால் எதிர்மாறாக நடக்கும். உள்ளே உள்ள காற்று சூடேறி விரிந்து, பானத்தை ஸ்ட்ரா வழியாக மேலே தள்ளும். ஆளில்லாமலே ஜாடி துப்புவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், துடைப்பவருக்கு அல்ல. சோடாவுக்கும் சூடான பானத்துக்கும் இந்த ஜாடி ஏற்றதே அல்ல.

ஸ்ட்ரா அடியில் ஒட்டி நிற்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். குழந்தைக்கு என்றால் உலோக ஸ்ட்ரா வேண்டாம். ஓடும்போது விழுந்தால் வாயில் குத்தும்.

துளையிட்ட விளிம்பில் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். கழுவியதும் துடைத்து உலர்த்துங்கள். வளையத்தைக் கழற்றாமல் கழுவுவதில் பயனில்லை. அதன் பள்ளத்தை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏனென்று புரியும்.