15 மில்லி ஸ்பேசர் 15 மில்லி மட்டும் தூக்காது

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு ஒரு மாதம் ஆகியும் என் பிக்கப் மூக்கைத் தாழ்த்தியே நின்றது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும் என்பதால் கம்பெனியிலேயே பின்னால் உயர்த்தி வைக்கிறார்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு தூக்கும் கிட் அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிடும். அதைக் குறைக்கத்தான் முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) தலைமேல் ஸ்பேசர் என்ற தடுக்கை வைக்கிறோம்.

முதலில் அளவு. டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் நிறுத்தி, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பின் இரு முனையிலும் தரையிலிருந்து டேப் வையுங்கள். எனக்கு வித்தியாசம் 38 மிமீ. உடனே 38 மிமீ ஸ்பேசர் வாங்கிவிடாதீர்கள். ஸ்ட்ரட், சக்கரத்தை சேஸியோடு இணைக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுவாக்கில் உட்காருகிறது; சக்கரமோ அதன் நுனியில். அதனால் சக்கரத்தின் இடத்தில் வண்டி, ஸ்பேசரைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறும். நான் போட்டது 15 மிமீ. சக்கரத்தின் இடத்தில் 28 மிமீ ஏறியது. கொஞ்சம் சாய்வை வேண்டுமென்றே விட்டேன். சாமான் ஏற்றுகிற வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கினால் பார்க்கச் சகிக்காது, ஓட்டவும் சரிவராது.

இன்னொன்று: கிட்டோடு ஏற்கெனவே ஸ்பேசர் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அதன்மேல் இன்னொன்றை அடுக்க வேண்டாம்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸியின் கீழ் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் பிடிகளை விடுவியுங்கள், இல்லையென்றால் ஆர்ம் இறங்கும்போது இழுபடும். இடது, வலது ஆர்ம்களைக் குறுக்குக் கம்பியோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும். நான் ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டு, கீழ் போல்ட் துளை ஏன் நேராகவில்லை என்று ஒரு மணி நேரம் கடப்பாரையோடு மல்லுக்கட்டினேன். எதிர்ப்பக்க லிங்க்கை எடுத்ததும் ஆர்ம் தானாக இறங்கியது.

கீழ் ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டையும் மேலே சுற்றியுள்ள நட்டுகளையும் மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே தொடாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங்கை அதுதான் பிடித்திருக்கிறது; கழன்றால் ஆளையே அடித்துவிடும். ஸ்ட்ரட் எந்தத் திசையில் நின்றது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ஸ்பேசரை மேலே பூட்டி, அதே திசையில் ஏற்றுங்கள்.

சக்கரம் மாட்டுமுன் ஜாக்கியை எடுத்து ஆர்மை முழுக்கத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரட் நீண்டதால் சிக்கல் இங்கேதான் தெரியும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசுகிறதா, ஆர்ம் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் இறுகுகிறதா, ஆக்சிலைக் கையால் சுற்றினால் அதன் வளையும் மூட்டான சிவி ஜாயின்ட் முட்டுகிறதா? என் வண்டியில் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே சுண்டுவிரல் நுழைந்தது. உரசினால் சின்ன ஸ்பேசருக்கு மாறுங்கள். அதை விட்டு ஆர்மைத் தேய்க்கப் போகாதீர்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும், அதுவும் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட். கேம்பரும் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் கழற்றி மாட்டிய எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஹெட்லைட்டை நான் மறந்தேபோனேன். முதல் ராத்திரி எதிரே வந்தவர்கள் எல்லாரும் எனக்கு டிம் அடித்துக் காட்டினார்கள்; மறுநாள் சுவருக்கு எதிரே நிறுத்தி இரண்டு திருகையும் கீழே இறக்கினேன்.