தேங்காய் கால் மூடி, புளிக்கு மாங்காய்: ராமநாதபுரம் கரையில் சிக்கனச் சமையல்

மீன் குழம்பில் செலவு இழுப்பது மீன் மட்டும் இல்லை. தேங்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், புளி என்று சில்லறைச் சாமான்கள்தான் சேர்ந்து கையைக் கடிக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதற்கு முன்னால், அது சட்டியில் என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். தேங்காய் குழம்பைக் கெட்டியாக்கும், காரத்தைத் தணிக்கும், கொஞ்சம் எண்ணெய் விடும். பொட்டுக்கடலை முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இது தெரியாமல் தேங்காயை மொத்தமாக நிறுத்திவிட்டுப் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டால் குழம்பு கூழாகிவிடும், காரமும் அப்படியே நிற்கும்.

முதலில் மீன். சீலாவும் விளமீனும் வாங்கித்தான் குழம்பு வைக்க வேண்டும் என்பதில்லை. பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி எந்தக் கரையானாலும் சாளை, சூடை, காரல் பெரிய மீனைவிட மலிவாகவே கிடைக்கும். சாளையின் கொழுப்பு குழம்பில் இறங்குவதால் ருசியும் கூடுதல். காரலில் முள் அதிகம். தண்ணியாகக் குழம்பு வைத்துச் சாற்றை மட்டும் பிள்ளைகளுக்கு ஊற்றலாம்.

வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, வயிறு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாளை, கும்பளா மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். அதனால் மத்தியானம் வரை கூடையில் கிடந்த சாளையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது சிக்கனம் ஆகாது.

நாலு பேருக்கு அடிப்படைக் குழம்பு

அரைக் கிலோ சாளையைச் செதில், குடல் எடுத்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி மூன்று தண்ணீரில் கழுவுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளியை (25 கிராம் இருக்கும்) இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். குண்டு மிளகாய் 10, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுத்து, கால் மூடித் தேங்காயோடு மையாக அரையுங்கள். மல்லி கறுத்தால் குழம்பு கசக்கும். வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயவிட்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, எட்டுப் பல் பூண்டு, 12 சின்ன வெங்காயம், ஒரு தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். வெந்தயம் பொன்னிறம் தாண்டக் கூடாது. புளித்தண்ணி, மஞ்சள், உப்பு, அரைத்த மசாலா சேர்த்து 12 நிமிஷம் கொதிக்கட்டும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் பச்சை வாசம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மீன். சிறு தீயில் ஆறேழு நிமிஷம் போதும். மீன் போட்ட பின் அகப்பையை உள்ளே விடாதீர்கள். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். கிண்டினால் சாளை உடைந்து முள் குழம்பெங்கும் பரவும், சின்னப் பிள்ளைகள் சாப்பிட முடியாது.

மாற்றிப் போடும் கணக்கு

தேங்காய் விலை ஏறும்போது கால் மூடியைப் பாதியாக்கி, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைத் தனியாக அரையுங்கள். பொட்டுக்கடலை போட்ட குழம்பு ஆற ஆற இறுகும், அடியும் பிடிக்கும். அதனால் மசாலாவோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல், மீன் போடுவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இறக்கும்போது குழம்பு ஒரு கரண்டி தண்ணியாகவே இருக்கட்டும். பொட்டுக்கடலையும் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி பச்சரிசியைக் கால் மணி நேரம் ஊறவைத்து அரைத்து ஊற்றலாம். தேங்காய் குறைந்த அளவுக்குக் காரம் தூக்கும், மிளகாயில் இரண்டைக் குறைத்துவிடுங்கள்.

சின்ன வெங்காயத்துக்குப் பதில் பல்லாரி (பெரிய வெங்காயம்) தாராளமாகப் போகும். 12 சின்ன வெங்காயத்துக்கு நடுத்தரப் பல்லாரி ஒன்று. ஆனால் பல்லாரியில் தண்ணீர் அதிகம், இனிப்பும் தெரியும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஐந்து நிமிஷமாவது ஓரம் சிவக்க வதக்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் குழம்பு இனிப்பாகி மீனோடு ஒட்டாது. மூன்றே மூன்று சின்ன வெங்காயத்தைத் தட்டிக் கடைசியில் தாளித்துக் கொட்டினால் அந்த வாசம் வந்துவிடும்.

நல்லெண்ணெய்க்கும் அதே கணக்குதான். வதக்குவதற்கு ரேஷன் பாமாயில் போதும். அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை மேலே ஊற்றி மூடி வையுங்கள். நல்லெண்ணெயின் வாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம், அதைக் கொதியில் விட்டால் பாதி போய்விடும்.

புளிக்கு மாங்காய்தான் நல்ல மாற்று, அதுவும் சித்திரை, வைகாசியில். நடுத்தர மாங்காய் பாதியைத் தோலோடு துண்டு போட்டு, புளியை நெல்லிக்காய் அளவாகக் குறையுங்கள். மாங்காயை மீனுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக வெந்து நிற்கும். எல்லா மாங்காயும் ஒரே புளிப்பு இருக்காது. ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, புளித்தண்ணியில் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்த்து ஊற்றலாம். தக்காளியை மட்டும் நம்புவதென்றால் நாட்டுத் தக்காளி நாலு வேண்டும். ஹைபிரிட் தக்காளிக்கு நிறம் உண்டு, புளிப்புப் போதாது. எலுமிச்சையைக் கொதியில் பிழியாதீர்கள், கசக்கும். இறக்கிய பிறகுதான்.

மிளகாயில் மட்டும் கை வைப்பதை யோசித்துச் செய்யுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதாவது குண்டு மிளகாய்க்கு, தோல் தடிமன், நிறமும் மணமும் உண்டு, காரம் மட்டு. நீட்டுச் சம்பா மிளகாய் காரமானது: 10 குண்டு மிளகாய்க்கு ஆறு போதும், குழம்புக்குக் கனம் வர மல்லி ஒரு தேக்கரண்டி கூட. வருஷத்துக்கு வாங்குகிறவர்கள் அறுவடை நேரத்தில் வாங்கினால் விலையும் கட்டும், புது மிளகாயும் கிடைக்கும். குலுக்கினால் விதை சலசலவென்று கேட்க வேண்டும். வளைத்தால் ஒடியாமல் மடங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிய்த்துப் பார்த்து உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அந்த மிளகாயை வீசிவிடுங்கள், வறுத்துச் சரிக்கட்ட நினைக்காதீர்கள்.

பருப்பு வேகாத வீட்டுக்கு

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முத்து முத்தாகவே நிற்கிறது என்று குறை சொல்லாத வீடு குறைவு. பருப்பு பழசாக இருப்பது ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர். இந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பைக் குழையவிடாது. பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், உப்பும் புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். உவர்த் தண்ணீரில் சமைக்கிறவர்கள் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

100 கிராம் பருப்பு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, நாலு பேருக்குக் கூட்டு. பருப்பு குறைந்தால் கையளவு பூசணியோ சுரைக்காயோ துருவிச் சேர்த்து மசித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. கீரையைத் திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் வேகவிடுங்கள். மூடினால் நிறம் கறுக்கும்.

மீன் கிடைக்காத நாளில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை தூக்கும். கருவாடுதான் அப்போது கை கொடுக்கும். 75 கிராம் நெத்திலிக் கருவாடு நாலு பேர் குழம்புக்குப் போதும். கத்தரிக்காய், மாங்காய், பலாக்கொட்டை எதைச் சேர்த்தாலும் அது ருசியை இழுத்துக்கொள்ளும். தலையைக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, மண் போக மூன்று தடவை அலசுங்கள். திருக்கை, கட்டா என்றால் துண்டுகளை அரை மணி நேரம் ஊறப்போட வேண்டும். குழம்பில் முதலில் உப்பே போடாதீர்கள். கருவாடு வெந்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும். தவறிக் கரித்துவிட்டால் தண்ணீரை மட்டும் ஊற்றாமல், கத்தரிக்காயும் கொஞ்சம் புளித்தண்ணியும் கூடச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

கடல் காற்றில் கருவாடு ஈரம் இழுக்கும். வெயிலில் ஒரு நாள் காயப்போட்டு, ஆறிய பின் காகிதத்தில் சுற்றி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மேலே இளஞ்சிவப்புப் பூத்து நாற்றம் மாறியிருந்தால், அது உப்பில் வளரும் கிருமி. கழுவிப் பயன்படுத்தக் கூடாது.

கீழக்கரைப் பக்கம் மாசி போட்டுச் சம்பல் இடிப்பார்கள். சூரை மீனை வேகவைத்து உலர்த்திய மாசி விலை கூடியது. அதற்குப் பதில் நெத்திலிக் கருவாட்டைத் தலை நீக்கிக் கழுவிக் காயவைத்து, சிறு தீயில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடியுங்கள். ஒரு தேக்கரண்டி பொடி, நாலு சின்ன வெங்காயம், மூன்று வறுத்த மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், சிறிது புளி. உரலில் தட்டினால் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் போதும். மாசியின் புகை வாசம் இதில் வராது, மீன் ருசி வரும். மிக்சியில் ஓட்டுவதென்றால் வெங்காயத்தைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று. மையாகிவிட்டால் சம்பல் துவையலாகிவிடும்.