லினக்ஸில் நெட்வொர்க் கார்டு விட்டு விட்டு வேலை செய்கிறதா? கேபிளில் இருந்து தொடங்குங்கள்

நெட் முழுசாகப் போய்விட்டால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். பத்து நிமிஷம் நன்றாக ஓடி, இருபது நொடி செத்து, அப்புறம் தானாகவே உயிர் பெறுகிற கார்டுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். இதற்காக உடனே டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றுவது, சிஸ்டத்தையே மறுபடி நிறுவுவது என்று இறங்காதீர்கள். அறுந்து போகிற அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இரண்டு டெர்மினல் திறங்கள். ஒன்றில் ரவுட்டரைப் பிங் செய்து, அதாவது விடாமல் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து, ஓட விடுங்கள் (முகவரி தெரியாவிட்டால் 'ஐபி ரூட்' என்று அடியுங்கள், டிஃபால்ட் என்று தொடங்கும் வரியில் இருக்கும்). இன்னொன்றில் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு 'டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ' அடியுங்கள், லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் பதிவு வரவர ஓடிக்கொண்டே இருக்கும். வலைத்தளங்கள் திறக்கவில்லை, ஆனால் ரவுட்டர் மட்டும் விடாமல் பதில் சொல்கிறது என்றால் கார்டின் மேல் தப்பில்லை, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பக்கமோ வெளி இணைப்பின் பக்கமோ பாருங்கள். பிங் நிற்கும்போதே பதிவில் 'லிங்க் இஸ் டவுன்' என்று வந்தால் கேபிள், போர்ட் இரண்டையும் சந்தேகப்படுங்கள். லிங்க் விழவில்லை, ஆனால் 'நெட்டெவ் வாட்ச்டாக்' என்று ஒரு வரி வந்து டிரான்ஸ்மிட் டைம் அவுட் ஆகிறதா? அது டிரைவர், மின்சேமிப்பு, இல்லை கார்டே.

கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். நான் இரண்டு நாள் டிரைவரோடு மல்லுக்கட்டிய ஒரு கேஸில், கேபிள் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது, மேசையை லேசாக நகர்த்தினாலே லிங்க் விழுந்தது. 'ஈத்டூல்' போட்டு, கூடவே கார்டின் பெயரைக் கொடுத்து, ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் சாதனமாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிளுக்குள் ஏதோ ஒரு கம்பி போயிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேண்டும், 100-க்கு 4 போதும். அப்புறம் 'ஈத்டூல் -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) கொடுத்தால் எண்ணிக்கைகள் வரும். அதில் சிஆர்சி (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) என்று இருப்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து, மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அதை எந்த மென்பொருள் அமைப்பும் சரிசெய்யாது.

கேபிள் நன்றாக இருக்கிறதா, சரி, மின்சேமிப்புக்கு வருவோம். கம்பி இணைப்பில் 'ஈத்டூல் --செட்-இஇஇ' கட்டளையில் கார்டின் பெயரோடு 'இஇஇ ஆஃப்' (இஇஇ என்பது கம்பி இணைப்பின் மின்சேமிப்பு) கொடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்புகளில்) 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' சேர்த்து, கார்டு ஸ்லாட்டின் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். வைஃபை என்றால் 'ஐடபிள்யூ' கட்டளையால் பவர் சேவை அணையுங்கள். குணம் தெரிந்தால் நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

டிரைவர் எது என்று 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' சொல்லும். ரியல்டெக் கார்டுகள் பலவற்றுக்கு கெர்னலிலேயே ஆர்8169 டிரைவர் இருக்கிறது, அது தடுமாறினால் தனியாகக் கிடைக்கும் ஆர்8168-ஐ முயலலாம், கார்டு அந்த வகைதானா என்று பார்த்துவிட்டு. இன்டெல்லின் இ1000இ டிரைவர் 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்' என்று புலம்பினால் 'ஈத்டூல் -கே' (இங்கும் பெரிய எழுத்து) மூலம் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (தரவைத் துண்டாக்கும் வேலையைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளும் வசதிகள்) இரண்டையும் அணைப்பது பலருக்குக் கைகொடுத்த வழி. பதிவில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை என்று இருந்தால் ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? வேறு கெர்னல் உள்ள லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே நேரடியாக ஓடும் லினக்ஸ்) பூட் செய்து அதே பிங்கை ஓட விடுங்கள். அங்கேயும் அறுந்தால் கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி, வேறு ஸ்லாட்டில் அழுத்தமாகச் செருகிப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் கார்டை மாற்ற வேண்டியதுதான். லைவில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அந்தக் கெர்னல் பதிப்புக்கே போய்விடுங்கள், பிழையைப் புகார் செய்யும்போது முதலில் எடுத்த பதிவு வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.