டேக்-ஆஃப் ஆவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

விமானத்தில் என் இருக்கைக்கு வந்ததும் முன்வாசல் எத்தனையாவது வரிசையில், பின்வாசல் எத்தனையாவது வரிசையில் என்று எண்ணிவிடுவேன். பார்வையால் அல்ல, இருக்கைகளின் தலைப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே நடந்து. என் மனைவிக்கு இது ஒரே வெட்கக்கேடு. இருக்கட்டும். புகை சூழ்ந்துவிட்டால் கண் உதவாது, கைதான் உதவும்.

1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில் கோர்ஃபு தீவுக்குக் கிளம்பிய போயிங் 737 ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது 'டம்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்ததாக நினைத்து விமானிகள் நிறுத்தினார்கள். வெடித்தது இடது இன்ஜின். சிதறிய துண்டு இறக்கையில் இருந்த எரிபொருள் தொட்டியைத் துளைத்துத் தீப்பிடித்திருந்தது. தரையை விட்டு எழும்பாத விமானத்தில் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை.

அதில் ஒரு காட்சியை என்னால் மறக்க முடிவதில்லை. இறக்கைக்கு மேலுள்ள அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண், கதவைத் திறப்பதாக நினைத்து அதிலிருந்த, கை வைத்துக்கொள்ளும் கட்டையை இழுத்தார். தோழி எட்டிச் சரியான பிடியை இழுத்ததும், 22 கிலோ கதவு உள்ளே சாய்ந்து அந்தப் பெண் மேலேயே விழுந்தது. பின்வரிசைக்காரர் ஒருவர் தூக்கிய பிறகுதான் வழி கிடைத்தது.

அதனால் அந்த வரிசையில் இடம் கிடைத்தால், கால் நீட்ட வசதி என்று மகிழ்வதோடு அங்கே வைத்திருக்கும் பாதுகாப்பு விளக்க அட்டையையும் எடுத்துப் படியுங்கள். இப்போதைய 737-இல் அந்தக் கதவு மேல்நோக்கித் தானே திறக்கும். ஏர்பஸ் ஏ320-இல் தூக்கி வெளியே போட வேண்டும்.

பெல்ட்டை இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பதற்றத்தில் விரல் காரில் உள்ளது போலப் பொத்தானைத் தேடும். இங்கே மூடியைத் தூக்க வேண்டும். செருப்பை விமானம் மேலே ஏறும்வரை கழற்றாதீர்கள். பாஸ்போர்ட், போன் சட்டைப்பையில் இருக்கட்டும், அப்போதுதான் மேலே இருக்கும் பையை மனசு தேடாது.

தீயைப் பார்த்தாலும் நீங்களாகக் கதவைத் திறக்காதீர்கள், பணிப்பெண் சொல்லட்டும். 2016 அக்டோபரில் சிகாகோவில் டேக்-ஆஃபின்போது போயிங் 767 ஒன்றின் வலது இன்ஜின் வெடித்தது. பயணிகள் இறங்கும்போது இடது இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் காற்று ஒருவரைத் தள்ளிவிட்டுப் பலத்த காயம். பையை விடச் சொல்லியும் சிலர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நல்லவேளை, 170 பேரும் பிழைத்தார்கள்.

பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடிகிறதா என்று பார்த்துத்தான் விமானத்துக்கு அனுமதி தருகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் மேலே இருந்து டிராலி பையை இறக்குவதில்லை.

புகை வந்தால் குனிந்து போங்கள், தரையோர விளக்கைப் பார்த்துக்கொண்டு. வாசலில் விரியும் காற்றடைத்த சறுக்கு முன்னால் தயங்கி உட்காராதீர்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு குதியுங்கள். கீழே வந்ததும் விலகி ஓடுங்கள், அடுத்தவர் உங்கள் முதுகில்தான் வந்து விழுவார்.